ஆன்டெனா வைத்து உள்ளூர்ச் செய்தி, வானிலை சேனல்களைப் பிடிப்பது எப்படி? (ஓக்லஹோமா சிட்டி)

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் பலர், டிவிக்குப் பின்னால் இருக்கும் ஆன்டெனா துளையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாம் இணையத்தில் வருகிறதே என்ற எண்ணம். ஆனால் ஓக்லஹோமா மாதிரி டொர்னேடோ (பயங்கரச் சுழல்காற்று) வரும் ஊரில் இது போதாது. 2013 மே 20 அன்று மூர் நகரத்தை டொர்னேடோ தாக்கி 24 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் செல்போன் சிக்னல் திணறும், ஸ்ட்ரீமிங் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். டிவி நிலையத்தின் கோபுரத்திலிருந்து நேராக வரும் ஒளிபரப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, மாதச் சந்தாவும் கிடையாது.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். 2009 ஜூன் 12-இல் பெரிய நிலையங்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்தி முழு டிஜிட்டலுக்கு மாறின. ஒரு நிலையத்துக்குக் கிடைப்பது 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதில் நொடிக்கு 19.39 மெகாபிட் தரவு போகும். முதன்மை எச்டி சேனலுக்கே அவ்வளவும் தேவைப்படாததால், முதன்மைச் சேனல் 9.1 என்றால், மிச்சத்தில் 9.2, 9.3 என்று துணைச் சேனல்களை விடுகிறார்கள். பெரும்பாலும் பழைய சீரியலும் சினிமாவும்தான் ஓடும், ஆனால் சில நிலையங்கள் அந்த இடத்தை உள்ளூர்ச் செய்திக்கும் வானிலைக்கும் ஒதுக்குகின்றன. ஓக்லஹோமா சிட்டியின் கேடபிள்யூடிவி நிலையம், 9.2-இல் 'நியூஸ் 9 நவ்' என்று தன் செய்தி அறிக்கைகளையே மறுபடி மறுபடி போடுகிறது. வேலை முடிந்து நேரம் கழித்து வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

சரி, வேலையை ஆரம்பிப்போம்.

படி 1: உங்கள் முகவரிக்கு என்ன வருகிறது என்று பாருங்கள்
அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் டிடிவி (டிஜிட்டல் டிவி) வரைபடப் பக்கம் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் எந்த நிலையம், எந்தத் திசை, எவ்வளவு வலிமை என்று காட்டும். கோபுரங்கள் நகரத்தின் வடகிழக்கில் இருப்பதால், தெற்கே நார்மனில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆன்டெனாவை வடக்குப் பார்த்து வைக்க வேண்டும், வடக்கே எட்மண்டில் இருப்பவர்கள் தெற்குப் பார்த்து.

படி 2: ஆன்டெனா வாங்குங்கள்
இங்கேதான் நிதானம் வேண்டும். திரையில் தெரியும் எண்ணும் நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் எண்ணும் வேறு வேறாக இருக்கலாம். 9 என்று தெரியும் கேடபிள்யூடிவி வருவது யூஎச்எஃப் என்ற உயர் அதிர்வெண் வரிசையில், 5 என்று தெரியும் இன்னொரு நிலையமான கேஓசிஓ வருவது அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட விஎச்எஃப்-இல். கடையில் கிடைக்கும் மெல்லிய தாள் மாதிரியான ஆன்டெனாக்கள் பல யூஎச்எஃப்-ஐ நன்றாகப் பிடிக்கும், விஎச்எஃப் என்றால் தடுமாறும். அதனால் இரண்டு நீட்டுக் குச்சிகளும் நடுவில் ஒரு வளையமும் உள்ள பழைய பாணி ஆன்டெனாவையே நான் சொல்வேன். 7 முதல் 13 வரையுள்ள விஎச்எஃப் எண்களுக்கு ஒவ்வொரு குச்சியும் 35 முதல் 42 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும், முழுசாக இழுத்து விட வேண்டாம். '200 மைல் வரை எடுக்கும்' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள், பூமியின் வளைவே அதற்கு விடாது.

படி 3: வைக்கும் இடம்
கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னல், எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். வாடகை வீட்டில் இருந்தாலும், உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனி இருந்தால் அங்கே ஆன்டெனா வைக்க எஃப்சிசி விதி உங்களுக்கு உரிமை தருகிறது.

படி 4: ஸ்கேன்
ஆன்டெனா கம்பியைத் துளையில் திருகி, செட்டிங்ஸில் 'கேபிள்' இல்லாமல் 'ஆன்டெனா' அல்லது 'ஏர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள், டிவி தானே சேனல்களைத் தேடிக்கொள்ளும். பாதியில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் 9.1-இல் ஆரம்பித்து மேலே மேலே போய்ப் பாருங்கள், எது செய்தி, எது வானிலை என்று குறித்துக்கொண்டு ஃபேவரிட்டில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: வரவில்லை என்றால்
டிஜிட்டலில் புள்ளி புள்ளியாக மங்கித் தெரிகிற கதை இல்லை. சிக்னல் போதுமென்றால் படம் தெளிவாக இருக்கும், கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே ஒரு சாண் நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். 9.1 நன்றாக வந்து 9.2 மட்டும் இல்லையென்றால் ஆன்டெனாவை ஆட்டிப் பயனில்லை, பெரும்பாலும் இரண்டும் ஒரே சிக்னலில்தான் வருகின்றன, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நிலையங்கள் துணைச் சேனல்களை அடிக்கடி மாற்றுவார்கள், சில சமயம் இன்னொரு நிலையத்தின் கோபுரத்துக்கே மாற்றிவிடுவார்கள். அமெரிக்காவின் பெரிய டிவி நிறுவனமான என்பிசி 2004-இல் ஆரம்பித்த 'வெதர் பிளஸ்' என்ற வானிலைத் துணைச் சேனலை 2008-இலேயே மூடிவிட்டார்கள். அதனால் மாதம் ஒருமுறை ஸ்கேன் செய்வது நல்ல பழக்கம்.

ஒரு முக்கியமான விஷயம். டொர்னேடோ எச்சரிக்கை வரும்போது முதலில் 9.1-ஐப் போடுங்கள், நேரலை அங்கேதான் வரும், துணைச் சேனலில் பழைய அறிக்கை ஓடிக்கொண்டிருக்கலாம். கரண்ட் போய்விட்டால் பெரிய டிவி உதவாது, ஆகவே பேட்டரியில் ஓடும் சிறிய டிவி ஒன்றும், 162 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் தேசிய வானிலைச் சேவையைப் பிடிக்கும் ரேடியோ ஒன்றும் வாங்கி, பதுங்கும் அறையில் மாற்று பேட்டரியோடு வைத்துவிடுங்கள். டொர்னேடோ காலம் சூடுபிடிக்கும் ஏப்ரலுக்கு முன்னால் இதையெல்லாம் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.