வட்டத்தில் என் பங்கை கடைசியில் எழுதினேன்

திண்டிவனம் தாண்டி மழையில் போய்க்கொண்டிருந்தபோது முன் டயர் வெடித்து வேன் புரண்டது. ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் மச்சான், என் மனைவியின் தம்பி. நான் எழுந்து நடந்தேன், அவன் எழவில்லை.

அப்புறம் ஒன்றரை வருடம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ரப்பர் கருகும் வாடை வந்தால் கை நடுங்கும். தூங்கினால் அதே வளைவு, அதே சத்தம். சம்பவம் நடந்து 1 மாதம் கடந்தும் இப்படியே இருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. மனைவிதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே உளவியல் மேடம் 'காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி' (CPT) என்ற பேச்சு வைத்திய முறையைச் சொன்னார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காக 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெட்ரீஷியா ரெசிக் என்ற உளவியலாளர் உருவாக்கியது. பிறகு போர்வீரர்களுக்கும் பயன்பட்டது. வழக்கமாக 12 அமர்வு. நினைவை அழிப்பதல்ல வேலை. அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டு நம்மை நகரவிடாமல் செய்யும் எண்ணத்தைப் பிடித்து விசாரிப்பதுதான் வேலை.

முதலில் அந்த எண்ணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "பயமாக இருக்கிறது" என்றால் அது உணர்வு. "மச்சான் போய்விட்டான்" என்றால் அது நடந்தது. இரண்டும் வேண்டாம். நான் எழுதியது: "நான்தான் அவனைக் கொன்றேன்." தினமும் நோட்டில் மூன்று பத்தி: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பும் மனசும் என்ன செய்தன. எனக்குக் கையெழுத்து கோழி கிறுக்கல், பரவாயில்லை என்றார்.

அப்புறம் விசாரணை. இதற்கு என்ன ஆதாரம்? அந்த நிமிடம் எனக்கு என்ன தெரியும், பிறகு தெரிந்தது எது? வேறொரு டிரைவருக்கு இப்படி ஆகியிருந்தால் அவனைக் கொலைகாரன் என்பேனா?

எனக்கு உதைத்தது ஒன்றுதான். டயர் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் மாற்றலாம் என்று விட்டிருந்தேன். "அப்போ தப்பு என்னுடையதுதானே?" என்றேன். மேடம் மறுக்கவில்லை. ஒரு வட்டம் போட்டு, காரணங்களைப் பங்கு பிரிக்கச் சொன்னார். உங்கள் பங்கை மட்டும் கடைசியில் எழுதுங்கள், முதலில் எழுதினால் வட்டம் முழுக்க அதுவே நிறைந்துவிடும் என்றார். மழை, சாலையில் கிடந்த இரும்புத் துண்டு, சீட் பெல்ட். "போடு மச்சான்" என்று சொன்னேன். "தொந்தி இடிக்குது மாப்ள" என்று சிரித்தான். அதை எழுத மட்டும் எனக்கு மூன்று வாரம் ஆனது, செத்தவன் மேல் பழி போடுவது போல. எழுதி முடித்தபோது எனக்கு மிஞ்சியது நூற்றுக்கு இருபது. அந்த இருபதுக்கு அழுதேன். நூறுக்கு அழுவது வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தவர் மனதில் இருப்பதாக நாமே எழுதிவைக்கும் வரிகளையும் சோதியுங்கள். மனைவி என்னைக் கொலைகாரனாகப் பார்க்கிறாள் என்று நம்பியிருந்தேன். கேட்டேவிட்டேன். "ரெண்டு பேரும் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னுதான் தினம் யோசிக்கிறேன்" என்றாள்.

வாடை வரும்போது அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: அன்று மழை, இன்று வெயில், அன்று வேன், இன்று பஞ்சர் கடை வாசல். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனாலும் சொல்லுங்கள்.

ஆரம்ப வாரங்களில் தூக்கம் இன்னும் கெடலாம். எனக்குக் கெட்டது. குடித்துவிட்டு நோட்டை எடுக்காதீர்கள், நான் எடுத்துப் பார்த்து ஒரு பக்கத்தைக் கிழித்தவன். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.