பல்கனி மிளகாய்க்கு வேப்பெண்ணெய்: முதன்முறை தெளிப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பல்கனியில் மிளகாய்க் கன்றின் குருத்து சுருண்டபோது, தண்ணீர் காணாதென்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கன்று போய்விட்டது. அன்று இலையைப் புரட்டிப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, இலையைப் புரட்டுவது. இலை ஓடம் போல மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. அது வெறுங்கண்ணுக்கு இலேசில் தெரியாது. கணுவில் பஞ்சு ஒட்டினாற்போல இருப்பது மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும், மருந்து வேண்டாம்.

கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒன்று ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு. குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினி என்ற சிறு பூச்சியைத் தின்று தீர்ப்பதே அதன் வேலை.

அடுத்தது கலவை. ஒரு தேக்கரண்டி (5 மில்லிலீற்றர்) வேப்பெண்ணெயில் கால் தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் விட்டு நன்றாகக் குழையுங்கள். பிறகு 1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் போத்தலில் குலுக்குங்கள். பால் போல வெளுக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். உடுப்புத் தோய்க்கும் பவுடரும் வேண்டாம்.

ஊரிலிருந்து யாராவது வேப்பங்கொட்டை கொண்டுவந்தால் எனக்கு அதுதான் விருப்பம். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 1 லீற்றர் நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்தால் சரி. இரண்டில் எதுவானாலும் அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள்.

முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். கருகாவிட்டால் கன்று முழுவதும், முக்கியமாக இலையின் அடிப்பக்கம், தெளிக்கலாம். வெயில் சாய்ந்த பிறகே தெளியுங்கள்: பூச்சியைத் தடுக்கும் வேம்பின் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீக்களும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கொழும்பில் பின்னேரம் இடிமழை கொட்டும், வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்காற்று பலமாக அடித்தால் மறுநாள் பார்க்கலாம்.

மறுநாளே பூச்சி செத்துக் கிடக்காது. வேம்பு அதன் தீனியைக் குறைத்து, தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். முட்டைகள் பிறகு பொரிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் தெளியுங்கள்.

இலையடியில் வெள்ளை ஈ பறந்து, இலைகள் மஞ்சளாகிச் சிறுத்து முறுக்கிக்கொண்டால் அது பெரும்பாலும் வைரஸ். எந்த எண்ணெய்க்கும் மாறாது. அந்தக் கன்றைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள்; பக்கத்துச் சாடியாவது தப்பும்.