பாடுபவரின் சுருதிக்கு ஏற்ற கரோக்கே: வீட்டிலேயே தயாரிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பிறந்தநாள் விருந்தானாலும் நிச்சயதார்த்தமானாலும், சாப்பாட்டுக்கு முன்பே ஒலிபெருக்கியும் இரண்டு மைக்கும் வந்து இறங்கிவிடுகின்றன. குரல் நீக்கிய இசையோடு நாமே பாடும் கரோக்கேவுக்கான இசைத்தடங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும்போது நாமே ஏன் தயாரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்தத் தடங்கள் திரைப்படத்தில் பாடியவரின் குரலுக்காக அமைந்தவை. நம் வீட்டில் பாடப்போகிறவரின் குரலுக்காக அமைந்தவை அல்ல. சரணத்தின் உச்சத்தில் எட்ட முடியாமல் பாதியிலேயே மைக்கைக் கொடுத்துவிடும் நல்ல பாடகர்கள் நம் ஊரில் பலர் உண்டு. அவர்களுக்குத் தேவை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறங்கிய இசைதான். 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் கரோக்கே இயந்திரத்தை அமைத்த இனோவே டைசுகேயும், தம் வாடிக்கையாளர் ஒருவர் பயணத்தில் பாடுவதற்காக அவருக்கு ஏற்றபடி வாசித்துப் பதிந்து கொடுத்த நாடாவிலிருந்துதான் தொடங்கினார்.

முதலில் மூலப்பதிவைக் கவனியுங்கள். அலமாரியில் பழைய குறுவட்டு இருந்தால் அதுவே சிறந்தது. நொடிக்கு 44,100 ஒலி அளவீடுகள், 16 பிட் என்ற தரத்தில் அதைச் சுருக்கப்படாத டபிள்யூஏவி (WAV) கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி, குரலைப் பிரித்தபின் நீருக்குள் கேட்பதுபோல் குழைந்து ஒலிக்கும். அந்தக் குறையைப் பின்னால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய இயலாது.

குரலை நீக்க இரண்டு வழிகள் உள்ளன. பழைய வழியில், இடம், வலம் என இரு பக்கங்கள் கொண்ட ஸ்டீரியோ பதிவின் ஒரு பக்கத்து ஒலி அலையைத் தலைகீழாக்கி மற்றொரு பக்கத்துடன் சேர்க்கிறோம். இரு பக்கங்களிலும் சமமாக உள்ள குரல் அப்போது மறையும். ஆனால் நடுவில் வைக்கப்பட்ட பேஸும் தாளமும் அதனுடன் சேர்ந்து மறைந்துவிடும். தாத்தா பாட்டிகள் விரும்பிக் கேட்கும் 1950களின் பாடல்கள் மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாகப் பதிவானவை என்பதால், இம்முறையில் அவற்றில் வெறும் மௌனமே மிஞ்சும். புதிய வழி, பயிற்சி பெற்ற கணினி மாதிரிகளை (செயற்கை நுண்ணறிவு மாடல்களை) கொண்டு ஒலிகளைப் பிரிப்பது. இணைய இசைச் சேவை நிறுவனமான டீசர் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற அத்தகைய மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. டெமக்ஸ் என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது. இத்தகைய மாதிரிகளைப் பொத்தான்களுடன் எளிதாக இயக்க அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருள் உதவும். சாதாரண மடிக்கணினியில் ஒரு பாட்டுக்குப் பல நிமிடங்கள் ஆகலாம், பொறுமையாக ஓடவிடுங்கள்.

பிரித்து முடித்த உடனே வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். டெமக்ஸ் போன்ற மாதிரிகள் பெரும்பாலும் மேற்கத்திய பாடல்களைக் கேட்டே பயின்றவை. ஆகவே நம் பாடல்களில் வரும் புல்லாங்குழல், நாதஸ்வரம், தனி வயலின் ஆகியவற்றின் நீண்ட இழைகளை அவை சில இடங்களில் மனிதக் குரலென்று கருதி அகற்றிவிடுகின்றன. கோரஸும் முன்னணிக் குரலோடு சேர்ந்தே போய்விடும். கோரஸ் இல்லாத திருவிழாப் பாட்டு வெறிச்சோடி ஒலிக்கும். இதற்குத் தீர்வு, பிரித்தெடுத்த குரல் தடத்தை அழிக்காமல் வைத்திருப்பதே. ஒலியை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இசைத் தடத்தையும் குரல் தடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, குரல் தடத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். புல்லாங்குழலோ கோரஸோ மட்டும் ஒலிக்கும் பகுதிகளை விட்டுவைத்து, பாடகர் பாடும் பகுதிகளை மௌனமாக்குங்கள். வெட்டும் இடங்களில் ஒலியளவில் சிறு ஏற்ற இறக்கம் கொடுத்தால் 'டிக்' என்ற ஓசை வராது. ஒரு மாலைப்பொழுது இதற்கே போகும். தயாரிப்பில் மிகவும் மதிக்கத்தக்க உழைப்பு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். டூயட் பாடலில் ஆண் குரலை மட்டும் நீக்கிப் பெண் குரலை இருக்கவிட்டால், துணையில்லாமல் பாட வருகிறவருக்கும் ஜோடி கிடைத்துவிடும்.

அடுத்தது சுருதி. பாடப்போகிறவரை இசையில்லாமல், பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தின் உச்ச வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். பல்லவியில் தொடங்கினால் எல்லாருக்கும் எளிதாகவே இருக்கும். இடர் மேலே போய்த்தான் தெரியும். அந்த வரி சிரமமில்லாமல் வரும் இடத்தைக் கீபோர்டில் கண்டுபிடித்து, மூலப் பாட்டின் இடத்துடன் ஒப்பிட்டு, எத்தனை செமிட்டோன் (கீபோர்டில் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையிலான தூரம்) இறக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியின் 'சேஞ்ச் பிட்ச்' கட்டளை வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும்; உயர்தர நீட்டிப்புக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். இரண்டு மூன்று செமிட்டோன் வரை இசை இயல்பாகவே கேட்கும். பெண் பாடிய பாட்டை ஆண் பாடுவதற்காக அதற்கும் கீழே இறக்கினால், டிரம்ஸ் தொய்ந்துபோய் ஒலிக்கும். ஆகவே பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்ற வாத்தியங்கள் என நான்கு தடங்களாகப் பிரித்து, டிரம்ஸை அப்படியே விட்டு, பேஸையும் மற்ற வாத்தியங்களையும் மட்டும் இறக்குங்கள். ஆனால் தபலாவும் மிருதங்கமும் சுருதி சேர்த்து வாசிக்கப்படுபவை. அவை உள்ள பாட்டில் தாளத் தடத்தையும் சேர்த்தே இறக்காவிட்டால் பாடுபவருக்கு உறுத்தும்.

பாட்டு குரலோடு தொடங்கினால், பாடுபவர் சரியான இடத்தில் எடுக்க அந்தப் பாட்டின் வேகத்திலேயே நான்கு தட்டுகளை முன்னால் சேர்த்துவிடுங்கள்.

வரிகளைத் திரையில் ஓடவிட ஏஜிசப் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஒவ்வொரு வரியையும் அசைகளாக வெட்டி நேரம் குறிக்கிறோம். தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டிவிடக் கூடாது: 'கொ' என்பதில் ககரத்தையும் உயிர்க்குறியையும் தனித்தனி அசையாக்கினால், திரையில் புள்ளி வட்டத்தோடு எழுத்து சிதறி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் காட்ட வேண்டாம். பாட வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பே வரி தோன்றினால்தான் மூச்சு எடுக்க இடம் கிடைக்கும். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கப் பழகாத பிள்ளைகள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் உள்ளனர். அவர்களுக்காகக் கீழே ரூமி (ரோமன்) எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் அவர்களும் தயங்காமல் மைக்கைப் பிடிப்பார்கள். வரிகளை முடித்தபின், ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அவற்றைக் காணொலியுடன் நிலையாகப் பதித்துவிடலாம்.

வீட்டுக்குள் பாடுவதற்கும் பொது நிகழ்ச்சிக்கும் வேறுபாடு உண்டு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், பொது நிகழ்ச்சியில் இசையை ஒலிக்க உரிமம் தேவை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் எம்ஏசிபி (MACP) என்ற பதிப்புரிமை அமைப்பு அதை வழங்குகிறது. நீங்கள் தயாரித்த தடத்தை இணையத்தில் பதிவேற்றவோ விற்கவோ வேண்டாம்.

விருந்து நாளுக்கு முன்பு, தடத்தை மோனோவாக மாற்றி ஒருமுறை கேளுங்கள். மண்டப ஒலிபெருக்கிகள் பலவற்றில் இரு பக்கமும் ஒன்றாகவே கலக்கப்படுகின்றன; பழைய வழியில் குரல் நீக்கிய சில தடங்கள் அப்போது ஒன்றையொன்று அழித்து மெலிந்துவிடும். ப்ளூடூத்தில் இசை தாமதமாக வந்து திரையில் ஓடும் வரிகளோடு ஒட்டாமல் போகக்கூடும் என்பதால், கம்பி இணைப்பையே பயன்படுத்துங்கள். கோப்பின் பெயரில் பாட்டுடன் பாடுபவரின் பெயரையும், எத்தனை செமிட்டோன் இறக்கப்பட்டது என்பதையும் எழுதி வையுங்கள். ஒரே பாட்டு அண்ணனுக்கு ஒரு சுருதியிலும் சித்தப்பாவுக்கு வேறு சுருதியிலும் இருக்கும்போது, மைக்கோடு காத்திருப்பவருக்குச் சரியானதை உடனே எடுத்துக் கொடுக்கலாம்.