கால்குலேட்டர் புரோகிராமிங் பாடங்களைத் தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராஃபிங் கால்குலேட்டரில் புரோகிராம் எழுதப் பழகிய நாலு பேர் சேர்ந்தால், அடுத்து "நாமே பாடங்களைத் தொகுப்போமே" என்ற ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிற ஒவ்வொரு குழுவும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். யாராவது சொன்னதும் அவை சரியாகிவிடும். இங்கே சொல்வதெல்லாம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.ஐ-83, 84 வரிசையையும் அதிலுள்ள டி.ஐ-பேசிக் மொழியையும் வைத்து.

மாடல் பெயர் இல்லாத பாடம்

"டி.ஐ-84-இல் ஓடும்" என்று எழுதினால் போதாது. 2004-இல் வந்த டி.ஐ-84 பிளஸின் முகப்புத் திரையில் 8 வரிகள், வரிக்கு 16 எழுத்துகள். 2015-இல் வந்த டி.ஐ-84 பிளஸ் சி.இ.யில் 10 வரிகள், வரிக்கு 26 எழுத்துகள். வரைபடத் திரையும் அப்படித்தான்: பழையதில் 96×64 புள்ளிகள், சி.இ.யில் 265×165. பழைய திரையின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைக்க எழுதிய புரோகிராமை சி.இ.யில் ஓட்டினால், புள்ளி மேலே இடது பக்கம் ஒதுங்கி நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. படிப்பவர் தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்.

ஓ.எஸ். (கால்குலேட்டரை இயக்கும் மென்பொருள்) எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். 2020-இல் சி.இ. வரிசைக்கு வந்த ஓ.எஸ். புதுப்பிப்பில் அசெம்ப்ளி, சி மொழிகளில் எழுதிய புரோகிராம்களை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய பாடத்தில் "இப்போது இதை ஓட்டிப் பாருங்கள்" என்று இருக்கும், புதிய ஓ.எஸ். வைத்திருப்பவருக்கு ஓடாது.

ஆரம்பப் பாடமே ஐந்து

ஒன்று போதும்.

கணினியில் நினைவிலிருந்து அடித்த புரோகிராம்

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

டி.ஐ-பேசிக்கில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. திரையில் காட்டச் சொல்லும் 'டிஸ்ப்' கட்டளை மெனுவிலிருந்து எடுக்கும் ஒரே டோக்கன், அதாவது முழுக் கட்டளையும் சேர்ந்து ஒரே குறியீடு. நினைவகத்தில் அதற்கு ஒரே பைட். அதே நான்கு எழுத்துகளை ஆல்ஃபா விசையை வைத்துத் தனித்தனியாக அடித்தால், கால்குலேட்டருக்கு அது நான்கு மாறிகளின் பெருக்கல். இது தெரிந்தவர்கள்கூடப் பாடம் எழுத உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள். கணினியில் எடிட்டரைத் திறந்து, நினைவிலிருந்து இருபது வரி அடித்து, "சரி, முடிந்தது" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு தடவை சராசரி மதிப்பெண் காணும் பாடம் ஒன்று வந்தது. ஸ்டாட் எடிட்டரில் (எண் பட்டியல்களை நிரப்பும் திரை) எல்1 என்ற லிஸ்டை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். புரோகிராம் அதை ஒரு ஃபார் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கூட்டி வகுக்கும். எளிமையான, அழகான பாடம். படித்த மாணவர் ஒருவருக்கு எப்போதும் 0 வந்தது. இன்னொருவருக்கு ஏதோ பெரிய எண். முதலாமவர் பேட்டரியைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார். எழுதியவரைக் கேட்டால் "என்னிடம் ஓடுகிறதே" என்ற ஒரே பதில்.

அவரிடம் ஓடத்தான் செய்யும். லிஸ்ட் எல்1 என்பது செகண்ட் விசையை அழுத்திவிட்டு 1-ஐ அழுத்தினால் வருவது. திரையில் 1 சிறியதாகக் கீழே இறங்கித் தெரியும். அவர் விரல் பழக்கத்தில் அப்படி அழுத்தினார். பாடத்தில் இருந்ததோ சாதாரண எல் எழுத்தும் சாதாரண 1-ம். மாணவர்கள் கண்ணில் பட்டதை அப்படியே அடித்தார்கள். எல்1-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஐ என்றால் லிஸ்டின் ஐ-ஆவது மதிப்பு என்பது நமக்கு; கால்குலேட்டர் அதை எல் × 1 × ஐ என்று படித்தது. இலக்கணப்படி சரியான கணக்கு, அதனால் பிழைச்செய்தி இல்லை. எல் மாறியில் எதுவும் இல்லாதவருக்கு 0. வேறு புரோகிராம் எப்போதோ எல்-இல் விட்டுச்சென்ற எண் இருந்தவருக்கு அந்தப் பெரிய எண். மாறிகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொது என்பதால் ஆளுக்கு ஒரு தவறான விடை. இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேருடைய மாலைப்பொழுது போனது தெரியுமா!

இதே குடும்பத்தில் இன்னும் உண்டு. பத்தின் அடுக்கைக் குறிக்கும் சின்ன ஈ-க்குப் பதிலாக ஆல்ஃபா ஈ அடித்தால் அதுவும் சத்தமில்லாமல் பெருக்கல்தான். எதிர்ம எண்ணுக்குக் கழித்தல் விசையை அழுத்தினால் நல்லவேளையாகப் பிழைச்செய்தியாவது வரும்.

ஆகவே, கால்குலேட்டரிலிருந்தோ, கணினியில் அதைப் போலவே இயங்கும் எமுலேட்டரிலிருந்தோ வெளியே எடுத்த புரோகிராம் மட்டுமே பாடத்துக்குள் போகட்டும். கூடவே அந்தக் கோப்பையும், கால்குலேட்டர் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேளுங்கள். குழப்பும் குறியீடு முதல் தடவை வரும் இடத்தில் எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், எழுதாத வேறு ஒருவர் ரீசெட் செய்த கால்குலேட்டரில் பாடத்தைப் பார்த்து மட்டுமே அடித்து ஓட்டட்டும். இதற்கு யாராவது முகம் சுளித்தால் அவர் பாடம் காத்திருக்கட்டும்.

எமுலேட்டருக்கான ரோம் கோப்பு

தொகுப்பில் வைக்காதீர்கள். அது கால்குலேட்டருக்குள் இருக்கும் மென்பொருளின் நகல், கம்பெனியின் சொத்து.

கேட்காமல் எடுத்த பழைய பாடங்கள்

எழுதியவரைக் கேளுங்கள். பதில் இல்லையா, நீங்களே புதிதாக எழுதுங்கள்.

கோட்டூவை வைத்து வெளியே குதிப்பது

பழைய புரோகிராம்களைப் பார்த்து எழுதுவதால் இது பரவுகிறது. ஒய்ல் லூப்புக்குள்ளிருந்தோ, இஃப்-தென் பகுதிக்குள்ளிருந்தோ அதை முடிக்கும் எண்ட் வருவதற்கு முன், வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கோட்டூ போட்டு வெளியேறினால், அந்தப் பகுதிக்காகக் கால்குலேட்டர் ஒதுக்கிய நினைவகம் திரும்பி வராது. சின்னப் பாடத்தில் தெரியாது. மெனு வைத்த விளையாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வேகம் குறைந்து, கடைசியில் நினைவகம் போதவில்லை என்ற பிழையோடு நிற்கும். டி.ஐ-83 பிளஸில் பயன்படுத்தக் கிடைக்கும் ராமே சுமார் 24 கிலோபைட்தான். இத்தகைய பாடம் வந்தால் கோட்டூவை எடுத்துவிட்டு ரிப்பீட் லூப்பாக மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் வரிகளும் குறையும்.