யானைக்கால் வீக்கமா? வீட்டில் கால் கழுவிப் பராமரிப்பது இப்படித்தான்

கொட்டாஞ்சேனையில் எங்கள் அம்மம்மாவின் இடக்காலைத் தினமும் கழுவிவிடுவது என் வேலை. முதல் வாரம் எல்லாமே பிழை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். இழையங்களில் கசிந்து நிற்கும் நீரை அள்ளிக்கொண்டுபோய், கழுத்தடியில் இருக்கும் பெரிய நாளங்களில் சேர்ப்பவை நிணநீர்க்குழாய்கள். நுளம்பு கொண்டுவரும் யானைக்கால் புழு வருடக்கணக்காக அவற்றுக்குள்ளேயே குடியிருந்து குழாயை விரித்துவிடுகிறது, வால்வுகள் சரியாக மூடாமல் போக, நீர் காலிலேயே தேங்குகிறது. புதுக் குழாய் முளைத்தால் சரியாகிவிடாதா என்று நானும் கேட்டேன். முளைக்கத்தான் செய்கிறது! பிள்ளை கருவில் இருக்கும்போது நாளங்களிலிருந்து முதல் நிணநீர்க்குழாய்களைக் கிளைக்கவைக்கும் விஈஜிஎஃப்-சி என்ற அதே புரதம்தான் காயம் ஆறும்போதும் வேலை செய்கிறது. ஆனால் அழற்சி ஓயாத காலில் முளைப்பவை ஒழுகும், நீரை ஒழுங்காக இழுக்காது. ஆகவே கிருமி நுழைந்து அழற்சியைக் கிளப்பாமல் பார்ப்பதுதான் நம்மால் முடிந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். ஒரு கதிரை, பேசின், சாதாரண சவர்க்காரம், மெல்லிய துவாய் போதும். தண்ணீர் சுடக்கூடாது, நான் வெந்நீர் கலந்ததுதான் முதல் பிழை.

2. வீக்கம் தொடங்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி, மெதுவாக. பிரஷ் வேண்டாம். நுரை போகும்வரை அலசுங்கள்.

3. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அப்புறம் மெல்லிய பருத்தித் துணியை மடித்து ஒவ்வொரு விரலிடுக்கிலும் தோல்மடிப்பிலும் விட்டு ஈரத்தை எடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் கொஞ்ச ஈரம் நின்றாலே போதும், சின்னவிரல் பக்கம் தோல் வெள்ளையாக ஊறி வெடிக்கும், கிருமிக்கு வாசல் அதுதான். அம்மம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் நான் போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். வெடிப்பு இருந்தால் கிளினிக்கில் தந்த கிரீமை மட்டும் பூசுங்கள்.

4. படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். இருதய வருத்தக்காரர் வைத்தியரிடம் கேட்டுவிட்டு. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் நல்லது.

2016-ல் இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பழைய வீக்கம் அதைக் கேட்டு வற்றிவிடுமா என்ன? புதிதாக வீங்கினால் இருதயமோ சிறுநீரகமோகூடக் காரணமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். புழுவா என்று பார்க்க இரவில்தான் இரத்தம் எடுப்பார்கள், அந்த நேரத்தில்தான் குஞ்சுகள் இரத்தத்தில் சுற்றும்.

காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்து வலித்தால் கணுக்கால் பயிற்சியை நிறுத்தி, குளிர்ந்த ஈரத்துணி போட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.