ஃபார்மேட் செய்யச் சொல்லும் வன்தட்டு: எந்த மீட்பு மென்பொருள், எந்த வரிசையில்?

வெளிவன்தட்டைச் செருகியதும் "பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல் அழுத்திவிட்டு யுஎஸ்பி கம்பியைக் கழற்றி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் அண்ணனின் 1 டெராபைட் வன்தட்டு இப்படித்தான் கேட்டது. தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள், வாடிக்கையாளர்களின் கல்யாணப் படங்கள், பழைய கோவில் விழா மலர்களின் (சிறப்பிதழ்களின்) வேர்ட் கோப்புகள் எல்லாம் அதற்குள்ளே. பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தனக்குள்ளேயே ஓர் இயங்குதளம் கொண்ட லைவ் பென்டிரைவ் தயாரிப்பதும் அதிலிருந்து கணினியைக் கிளப்புவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

"எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வன்தட்டுக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தவறி அழித்த கோப்புக்கு ஏற்ற மென்பொருளைப் பழுதடைந்த தட்டின்மேல் ஓட்டினால், இருப்பதும் போய்விடும்.

படி 1: காது கொடுங்கள், எண்களைப் பாருங்கள்

டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். உள்ளே தட்டைப் படிக்கும் தலைமுனை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கிளீன் ரூம் (தூசியில்லா அறை) வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் யாராவது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்தால், கிளீன் ரூமுக்குள் போக என்னென்ன உடுத்த வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். சாப்பாட்டு மேசையில் வன்தட்டைத் திறக்கும் எண்ணமே வராது. ஃப்ரீஸரில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும்.

சத்தம் இல்லையென்றால் தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறங்கள், இலவசம்தான். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகளை மட்டும் பார்த்தால் போதும். 05 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தட்டின் சிறு சேமிப்புத் துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது படிக்கவே முடியாதவை. மூலமதிப்பு ஹெக்ஸாடெசிமலில் வரும் என்பதை மறக்க வேண்டாம், அங்கே 10 என்று இருந்தால் 16 என்று பொருள். அமைப்பில் போய் டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சி5, சி6 பூஜ்யமாக இல்லையென்றால் தட்டே நோயாளி, படி 2 கட்டாயம்.

விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் (chkdsk) ஓட்டிப் பார்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். ஓட்டாதீர்கள். கோப்பு முறைமையைச் சீராக்குவதுதான் அதன் வேலை, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அன்று. பொருந்தாத பதிவுகளை அது நேராகத் தட்டிலேயே வெட்டித் திருத்திவிடும். பெயரும் கோப்புறையும் போய், எண்ணிட்ட சிஎச்கே துண்டுகளாக மிஞ்சும்.

படி 2: முதலில் முழுப் பிரதி

என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்த படி இது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நோயுற்ற தட்டை ஒரே ஒரு முறை முழுதாகப் படித்து, நல்ல தட்டில் ஒரு பிம்பக் கோப்பாக வைக்க வேண்டும். மீட்பு மென்பொருள்களை எல்லாம் அந்தப் பிம்பத்தின்மேல் ஓட்ட வேண்டும். ஒன்று தோற்றால் இன்னொன்று, எத்தனை முறை வேண்டுமானாலும். மூலத் தட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

இதற்கு என் தேர்வு குனூ டிடிரெஸ்க்யூ (ddrescue). வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரணப் பிரதி மென்பொருள் பழுதான செக்டரில் முட்டி அங்கேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமானதைக் கடைசிக்கு வைக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ லைவ் பென்டிரைவில் இது கூடவே வருகிறது. இதே பெயர் போலவே, நடுவில் அடிக்கோட்டோடு இன்னொரு நிரலும் உண்டு. அது வேறு, அதன் கட்டளைகளும் வேறு.

பிம்பத்தை வைக்க 2 டெராபைட் தட்டு வாங்குங்கள். ஜார்ஜ்டவுன் கொம்தார் பக்கக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 1 டெராபைட்டுக்கு இன்னொரு 1 டெராபைட் போதாது, மீட்ட கோப்புகளுக்கும் இடம் வேண்டும். புதுத் தட்டின் ஃபார்மேட் எஃப்ஏடி32 ஆக இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நிற்காது. என்டிஎஃப்எஸ் ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொடுத்து, அளவை வைத்து எது மூலம், எது புதுசு என்று அடையாளம் காணுங்கள். டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்கள் தர வேண்டும்: மூலத் தட்டு, பிம்பக் கோப்பு, வரைபடக் கோப்பு. இதே வரிசையில். முதல் ஓட்டத்தில் சிறிய டி (-d), சிறிய என் (-n) என்ற இரண்டு தெரிவுகள் போதும். டி நேரடியாகப் படிக்கச் சொல்வது, என் பழுதான இடங்களைச் சுரண்டாதே என்பது. அது முடிந்த பிறகு என்-னை எடுத்துவிட்டு, சிறிய ஆரை 3 என்ற எண்ணோடு (-r3) சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். பழுதான இடங்களைத் துருவிப் பார்த்து, வராதவற்றை மூன்று முறை மீண்டும் முயலும்.

வரைபடக் கோப்புதான் இதில் உயிர். எது வந்தது, எது வரவில்லை என்று அதில் பதிவாகிறது. நடுவில் நிறுத்தினாலும் அதே மூன்று பெயர்களைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் லைவ் பென்டிரைவின் வீட்டுக் கோப்புறை நினைவகத்தில்தான் இருக்கிறது, கணினியை அணைத்தால் காணாமல் போகும். ஆகவே வரைபடத்தையும் பிம்பத்தோடு புதுத் தட்டிலேயே வையுங்கள்.

அப்புறம் அந்தத் தொல்லை. அண்ணனின் தட்டு கொஞ்ச தூரம் ஓடும், பிறகு யுஎஸ்பி தொடர்பு அறுந்துவிடும். மறுபடி செருகினால் வேறு எழுத்தோடு வரும். எஸ்டிபி ஆக இருந்தது எஸ்டிசி ஆகியிருக்கும். திரையில் பிழை எண்ணிக்கை திடீரென்று மளமளவென்று ஏறினால், தட்டு கெட்டது என்று பயப்பட வேண்டாம், இணைப்பு அறுந்திருக்கலாம். கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். மறுபடி செருகி, எல்எஸ்பிஎல்கேயில் புதுப் பெயரைப் பார்த்து, பெரிய எம் தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். தோற்றதாகத் தவறாகக் குறித்த இடங்களை அது திரும்பவும் முயலும். ஒரே இடத்தில் தொங்கினால் பெரிய ஆர் கொடுத்துக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வைக்கலாம்.

எங்களுக்கு முழுத் தீர்வாக அமைந்தது வேறு. வெளிப்பெட்டியைக் கழற்றினோம், உள்ளே சாதாரண சாட்டா தட்டு இருந்தது. மேசைக் கணினியின் சாட்டா கம்பியில் நேராக மாட்டியதும் அறுவது நின்றது. மின்சாரமும் நிலையாகக் கிடைத்தது, வேகமும் கூடியது. நல்ல தட்டு நொடிக்கு 100 எம்பி ஓடினால் 1 டெராபைட்டுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். நோயாளிக்கு நாள்கணக்கில் ஆகலாம். அவசரப்படாதீர்கள், மின்விசிறி ஒன்றை அதன்மேல் திருப்பி வையுங்கள்.

படி 3: இப்போது மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்

தட்டு நலமாக இருந்து, கோப்பைத் தவறி அழித்திருந்தால் ரெகுவா போதும். எளிது, இலவசம். மீட்டதை அதே தட்டில் மட்டும் சேமிக்காதீர்கள், மீட்க வேண்டியவற்றின் மேலேயே எழுதிவிடும்.

பார்ட்டிஷனே (தட்டில் பிரித்த பகுதியே) காணவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க். கறுப்புத் திரையைப் பார்த்து மிரள வேண்டாம். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கிறது. முதல் செக்டர் மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் அந்த நகலைக் கொண்டு சரிசெய்துவிடும். அது தட்டில் எழுதும் வேலை என்பதால், மூலத்தில் செய்யாமல் பிம்பத்தின் இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

கோப்பு முறைமை புரியாமல் விண்டோஸ் ரா (RAW) என்று காட்டி ஃபார்மேட் கேட்கும் தட்டுக்கு என் முதல் தேர்வு டிஎம்டிஇ (DMDE). பிம்பக் கோப்பை நேராகத் திறக்கும். கோப்புப் பெயர்கள், தேதிகள், கோப்புறைகள் எல்லாம் என்டிஎஃப்எஸ்ஸின் எம்எஃப்டி என்ற பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் தப்பியிருந்தால் முழுக் கோப்புறை மரத்தையும் அப்படியே காட்டிவிடும். இலவசப் பதிப்பில் ஒரு முறைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4000 கோப்புகள் வரை எடுக்கலாம். வீட்டுக்கு இது தாராளம். அண்ணனின் கல்யாணப் படங்கள் முழுவதும் பெயரோடு வந்தது இதில்தான். டிஎம்டிஇக்கு மரம் அகப்படாவிட்டால் ஆர்-ஸ்டூடியோ. விலை கூடுதல், ஆனால் நன்றாகச் சிதைந்த கோப்பு முறைமையையும் பொறுமையாகக் கோர்க்கும்.

கூகுளில் முதலில் வரும் விளம்பர மென்பொருள்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஆயிரக்கணக்கான பெயர்களைக் காட்டுவதால் ஒன்றும் ஆகிவிடாது. பெரிய படம் ஒன்றை முன்னோட்டத்தில் முழுதாகத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக வந்தால் அந்தக் கோப்பு போய்விட்டது. முன்னோட்டமே தராத மென்பொருளுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். கிராக் செய்த பதிப்புகளைத் தொடவே வேண்டாம்.

பெயர்ப்பட்டியலும் போய்விட்டதா? ஃபோட்டோரெக் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்கோடு சேர்ந்தே வருகிறது, இலவசம். இது பட்டியலைப் பார்க்காமல், கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்தே படம், ஆவணம், காணொளி என்று தோண்டி எடுக்கும். பெயர் வராது. துண்டு துண்டாகச் சிதறியிருந்த பெரிய காணொளிகள் பெரும்பாலும் உடைந்தே வரும்.

படி 4: குவியலைப் பிரிப்பது

ஃபோட்டோரெக் தரும் எண்பெயர்ப் படங்களை, படத்துக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கும் எக்சிஃப்டூல் கொண்டு, எடுத்த தேதிப்படி பெயர் மாற்றுங்கள். ஒரே கட்டளையில் தைப்பூசம் தனியாக, கல்யாணம் தனியாக விழுந்துவிடும்.

கோவில் மலர்களின் வேர்ட் கோப்புகளில் வேறு சிக்கல். யூனிகோட் பரவுவதற்கு முன் இங்கே பலர் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அவற்றில் இன்றைய தமிழ் எழுத்துகளால் தேடினால் ஒன்றும் அகப்படாது. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, ஆண்டு என்று எண்களைப் போட்டுத் தேடினோம், வந்துவிட்டன. பழைய எழுத்துருவும் கையில் இருந்தால்தான் கோப்பு படிக்கும்படி தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன். டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்றவற்றில் பெட்டியைக் கழற்றாதீர்கள். பலவற்றில் யுஎஸ்பி முனை தட்டின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும், தரவும் அந்தப் பலகையிலேயே மறையாக்கம் ஆகியிருக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் போட்ட தட்டு என்றால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்எஸ்டியில் அழித்த கோப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: அழித்த இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் ஓடிவிட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் அதை மீட்டுத் தராது. கணினியை உடனே அணைத்துவிட்டு, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டிகளில் தேடுங்கள்.