எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: வீடு திரும்பிய நாள் முதல் ஒரு வருடம் வரை, படிப்படியாக

"இரண்டு வாரம் திரவ உணவு, அப்புறம் வந்து பாருங்கள்" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து மருத்துவமனையில் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரிசையாகக் கிளம்பும். ரசம் குடிக்கலாமா? ஒரு நேரத்துக்கு எவ்வளவு? பழைய சுகர் மாத்திரையைத் தொடர வேண்டுமா? சோறு எப்போது?

என் அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தபோது சமையலும் மாத்திரை டப்பாவும் என் பொறுப்பில் இருந்தன. அந்த அனுபவத்தையும், அப்போதிருந்து தேடித் தேடிப் படித்ததையும் சேர்த்து, புதிதாக இந்தப் பாதையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப மாதங்களில் எடை தானாகவே இறங்கும், அதைத் துரத்த வேண்டியதில்லை. நீங்கள் விடாமல் கவனிக்க வேண்டியவை தண்ணீர், புரதம், மாத்திரை ஆகிய மூன்றும்தான்.

முதல் படி: உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு வகை: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் போல ஒரு ஒடுங்கிய குழாயை மட்டும் விட்டுவைப்பது. அதில் 100 முதல் 150 மி.லி. வரைதான் பிடிக்கும். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. அளவுக்கு ஒரு சிறு பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பது. பைபாஸில் உணவு குடலின் ஒரு பகுதியைத் தொடாமலேயே போய்விடுவதால், சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது.

பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுவதால், ஆரம்ப மாதங்களில் பலருக்குப் பசியே எடுக்காது. "பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை" என்று விட்டுவிட்டால் சத்துக் குறைபாட்டில்தான் போய் நிற்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்

உள்ளே இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்படுவதும், காலில் ரத்தம் உறைவதும் அரிதுதான். ஆனால் நடந்தால் ஆபத்து. கசிவு வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது, கருப்பாக மலம் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதல் சில நாட்களில் உள்ளே நிரப்பிய வாயுவால் லேசான தோள் வலி வருவது சகஜம். நடக்க நடக்க அது குறையும். குறையாமல் நாடியும் வேகமாக இருந்தால், கேஸ்தானே என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

நடப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் நடந்தால் போதும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை, எதையும் முதல் ஒரு மாதத்துக்குத் தூக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம், வெறும் திரவம்

டானிக் பாட்டிலோடு வருவது போன்ற, 30 மி.லி. பிடிக்கும் சின்ன அளவு மூடி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வாரத்துக்கும் அதுதான் டம்ளர். ஒரு மூடி திரவத்தைக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். இப்படியே நாள் முழுக்கப் போனால் ஒன்றரை லிட்டரை எட்டலாம். முதல் சில நாட்கள் எட்டாமல் போகலாம், பரவாயில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். டம்ளரைத் தூக்கி மடக்கென்று குடிக்கும் பழக்கம் இனி கிடையாது. ஸ்ட்ராவும் வேண்டாம், காற்று உள்ளே போய் வலிக்கும். சோடா, கோலா போன்ற நுரைக்கும் பானங்களையும் மறந்துவிடுங்கள்.

முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், நீர்த்த மோர் என்று தெளிவாகவே இருக்கட்டும். அப்புறம் பால், மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சிக்கன் சூப் என்று கொஞ்சம் கெட்டியாகலாம். மிளகாயும் புளியும் தூக்கலாக இருக்கும் ரசம் இந்தக் கட்டத்தில் எரிச்சலைக் கிளப்பும்.

பருப்புத் தண்ணீரை நான் செய்த விதம் இது. இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைக் கழுவி, சீரகம் கால் ஸ்பூன், மஞ்சள் ஒரு சிட்டிகை, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். கரண்டியால் மசித்தால் போதாது, மிக்ஸியில் அடித்து டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். மேலே தங்கும் திப்பியைக் கரண்டியால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் தோலும் துகளும் சேர்ந்து இறங்கிவிடும். உப்பு அளவாக, தாளிப்பு இல்லாமல், வெதுவெதுப்பாகக் கொடுங்கள். ஆறினால் கெட்டியாகிவிடும் என்பதால் ஃபிளாஸ்கில் ஊற்றி வைப்பது வசதி.

கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டுமே குடித்து இந்த நாட்களைக் கடத்துபவர்கள் நிறையப் பேர். அவற்றில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடரை, சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, பாலிலோ மோரிலோ கலந்து குடித்தே ஆக வேண்டும்.

நான்காம் படி: மசித்தது, அப்புறம் மென்மையானது, அப்புறம் வழக்கமானது

மூன்றாவது, நான்காவது வாரங்களில் கூழ் பதம்: மசித்த பருப்பு, கெட்டித் தயிர், நன்றாக மசித்த முட்டை, மசித்த பூசணிக்காய். ஐந்தாவது வாரத்திலிருந்து மென்மையான உணவு: முள் நீக்கிய ஆவியில் வெந்த மீன், பனீர், வேகவைத்த முட்டை, சாம்பாரில் ஊறிய பாதி இட்லி. இரண்டு மாதம் ஆன பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்கு மெல்லத் திரும்பலாம்.

சோறு பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குழைந்து ஒட்டும் சோறு, பிரெட், பரோட்டா, காய்ந்த சிக்கன் துண்டு நான்கும் அந்தச் சின்னக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். எனவே சோறு கடைசியில் வரட்டும். தட்டில் முதலில் புரதம், அடுத்தது காய், இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு. சாப்பாடு மேசையில் பெரியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும், பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். மென்மையான உணவுக் கட்டத்தில் அது இப்படிக் கூடும்: காலையில் ஒரு முட்டை 6 கிராம், இடையில் ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர் கிட்டத்தட்ட 28, மதியம் 50 கிராம் மீன் 10, மாலை 50 கிராம் பனீர் 9, இரவில் பருப்பும் கொஞ்சம் தயிரும் 10. மொத்தம் 60 தாண்டிவிடும். அசைவம் சாப்பிடாதவர்கள் மீனுக்குப் பதில் சோயா உருண்டையைச் சேர்க்கலாம்.

காபி ஸ்பூனால் எடுத்து, ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மென்று, அரை மணி நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான். வயிறு நிறைந்துவிட்டது என்ற உணர்வு இனி பழைய மாதிரி வராது. நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம், திடீரென்று ஒரு விக்கல், மூக்கில் நீர், வாயில் எச்சில் ஊறுவது, இவைதான் சைகை. அந்த நொடியில் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். வீணாகிறதே என்று போட்டுக்கொள்ளும் அடுத்த வாய் வாந்தியாகத்தான் வெளியே வரும். அக்காவுக்கு விக்கல் வந்ததும் தட்டை எடுத்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

பைபாஸ் செய்தவர்கள் இனிப்பில் கூடுதல் கவனமாக இருங்கள். ஒரு லட்டோ, ஒரு டம்ளர் ஜூஸோ உள்ளே போனதும் சர்க்கரை நேராகக் குடலுக்குள் பாய்ந்து, பத்து முதல் முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று ஆளையே சாய்த்துவிடும். இதற்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்குவதும் உண்டு.

ஐந்தாம் படி: மாத்திரைகள், வாழ்நாள் முழுக்க

மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இவை பெரும்பாலும் எல்லோருக்கும் உண்டு. கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. சிட்ரேட் வகை வயிற்று அமிலம் இல்லாமலே உறிஞ்சப்படும் என்பதால் அதைத்தான் பரிந்துரைப்பார்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் போடக் கூடாது. எங்கள் வீட்டில் இரும்பு காலையில், கால்சியம் மதியமும் இரவும் என்று டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தோம்.

சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது ஆபத்து. பலருக்குச் சர்க்கரை முதல் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது தாழ்சர்க்கரையில் போய் முடியும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள், அளவைக் குறைப்பதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

தலைவலி, மூட்டுவலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகைகள் வேண்டாம், புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும். மது, பைபாஸுக்குப் பிறகு சீக்கிரமாகவும் கடுமையாகவும் ஏறும். அதற்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுவதால் அறவே விட்டுவிடுவதுதான் நல்லது.

இந்த ஒரு பத்தியை வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று நாட்களாக எது சாப்பிட்டாலும் வாந்தி என்றால் உடலில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துபோகும். நம் ஊரில் உடனே பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வோம். தயாமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது இதன் அடையாளங்கள். "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தயாமின் போடுங்கள்" என்று நீங்களே சொல்ல வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது.

ஆறாம் படி: அடுத்தடுத்த மாதங்களில் வரும் மாற்றங்கள்

எடை மூன்று, நான்கு வாரத்திலேயே ஒருமுறை நின்றுவிடும். முதலில் இறங்கியதில் தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால் இது இயல்பு, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி நகரும். வாரம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்காதீர்கள்.

மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வருவதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மறுபடி வளரும், எண்ணெயை மாற்றிப் பயனில்லை. வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் சேரலாம். அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருந்தால் நடுவில் நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். பிசிஓடி இருந்து மாதவிடாய் தவறிக்கொண்டிருந்தவர்களுக்கு எடை குறையும்போதே சுழற்சி சரியாகி, எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது அவசியம், இல்லாவிட்டால் சத்துக் குறைபாடு குழந்தையையும் பாதிக்கும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். "எப்போது நல்ல செய்தி?" என்று கேட்கும் உறவினர்களுக்காக இந்தக் கணக்கை மாற்றாதீர்கள்.

ஏழாம் படி: பந்தியும் பலகாரமும்

கல்யாணத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே புரதத்தை முடித்துவிட்டுப் போங்கள். பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழுவதைத் தடுக்க முடியாது, ஒரு கை சாப்பிட்டு எழுந்தால் பரிமாறுபவர் மனம் வருந்துவார். அக்கா எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார், அவருக்கு வைத்ததில் பாதி என் இலைக்கு வந்துவிடும். "என்னம்மா இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்று கேட்பவர்களிடம் ஆபரேஷன் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், நோன்பு எதுவும் முதல் வருடத்தில் வேண்டாம்.

நான் அதிகம் அஞ்சுவது பந்தியைப் பார்த்து அல்ல, டிவி முன்னால் இருக்கும் மிக்சர் டப்பாவைப் பார்த்துத்தான். மீனும் முட்டையும் நான்கு வாயில் நிறைத்துவிடும். மிக்சர், முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம் ஆகியவை பொடியாகவும் உருகியும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறையவே நிறையாது. இரண்டாம் வருடத்திலிருந்து மெல்ல எடை திரும்புவதற்கு இந்த இடைவிடாக் கொறிப்பு ஒரு பெரிய காரணம். மனச்சோர்வில் கை டப்பாவைத் தேடுகிறது என்றால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

எட்டாம் படி: பரிசோதனைத் தேதிகள்

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு வருடம் ஒன்று. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உடம்பு தேறியதும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இதை விட்டுவிடுகிறார்கள். பி12 குறைபாடு வெளியே தெரிய வருடக்கணக்காகும், தெரியும்போது கால் மரத்துப் போயிருக்கும். அடுத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் இன்றே குறித்துவிடுங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது போடும் மாத்திரை அட்டைகள், கடைசி மூன்று நாள் சாப்பிட்டதை அளவோடு எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டயட்டீஷியன் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.